இளஞ்சிவப்புத் துளியை ஏற்காத ‘மறுபடி அக்கா’வுக்கு

அன்பிற்கும் அஞ்சாமைக்கும் உரியவரே! துளிக் குருதியிலும் துல்லியம் தேடியவரே! பச்சிளம் குழந்தைகள் பிரிவின் பரிசோதனைக் கூடத்தை முப்பத்தோர் ஆண்டுகள் தாங்கி நின்று இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மூத்தவரே! வணக்கம்.

பிறக்கும்போதே மூச்சுத் திணறிய பிள்ளையின் மூளை எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அடிபட்ட மூளை இரத்தத்தில் கசியவிடும் புரதத்தை அளந்து, மற்றச் சோதனைகளோடு சேர்த்தே கணிக்க வேண்டும். அப்பணியை இங்கே தொடங்கி வைத்தவர் தாங்கள். சந்தேகம் வந்தால் “மறுபடி எடுங்க” என்பீர்கள். அதனால் ‘மறுபடி அக்கா’ என்று முதுகுக்குப் பின்னால் அழைத்தோம். இன்று முகத்துக்கு நேராகவே அழைக்கிறோம்!

அக்காவின் ஒரு நாளை மட்டும் அவையோர் அறியச் சொல்கிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு முற்பகல். பிறக்கையில் மூச்சுத் திணறிய, இரண்டு நாளான பெண் குழந்தை, மூளைச் சேதம் கூடாமல் உடலைக் குளிர்விக்கும் மெத்தையில் கிடந்தாள். மருத்துவர் அறிக்கைக்குக் காத்திருந்தார். தந்தை வாசலில் மருத்துவருக்குக் காத்திருந்தார். கருவி காட்டியதோ நம்பிக்கைக்கு இடமே தராத எண். அக்கா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரத்தத்திலிருந்து பிரிந்து வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அதே புரதம் சிவப்பணுக்களிலும் உண்டு; அவை உடைந்தாலும் எண் ஏறும். அறிக்கையை அனுப்பாமல் படியேறி வார்டுக்குப் போனார்.

“நம்பர மட்டும் சொல்லுங்கக்கா. அவங்கப்பா வெளிய நிக்கறாரு,” என்றார் மருத்துவர்.

“சொல்ல மாட்டேன் டாக்டர். ரத்தம் உடைஞ்சிருக்கு. இத நம்பி அந்த மனுஷன்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. மறுபடி எடுங்க.”

“இத்தனூண்டு குழந்தைய எத்தனை தடவ குத்தறது?”

“இன்னும் ஒரே தடவ. நான் புடிச்சுக்கறேன்.”

முகம் சிவந்தாலும் மருத்துவர் மறுக்கவில்லை. அணுக்கள் உடையாதபடி, குத்திய இடத்தைப் பிதுக்காமல், பொறுமையாக எடுத்தார்கள். இரண்டாம் குழாய் தெளிந்த மஞ்சள். எண் முதலாவதில் நான்கில் ஒரு பங்கு! தந்தையிடம் சொல்ல வைத்திருந்த சொற்களை மருத்துவர் விழுங்கினார். “பொறுத்துப் பார்ப்போம், நம்பிக்கை இருக்கு,” என்றார். பின்னர் எடுத்த ஸ்கேனும் அதையே சொன்னது. இன்று அச்சிறுமிக்கு இடக்கையில் சற்றே வலுக் குறைவு. வாயோ ஊரையே விலைக்கு வாங்கும்!

அந்த மருத்துவர் வேறு யாருமல்லர். இம்மடலை எழுதி வாசிக்கும் நானேதான். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று எல்லார் முன்னிலும் சொல்கிறேன்: நன்றி, அக்கா.

நிதானமே நெறியாய், நேர்மையே நிழலாய் நின்றவரே! இனி அவசர மணி எழுப்பாத காலைகளும், ஆறாமல் அருந்தும் தேநீரும், நோயற்ற நெடிய ஆண்டுகளும் தங்களுக்கு வாய்க்கட்டும்! தங்கள் கைக்கு வந்த குழாய்களில் ‘இன்னாரின் குழந்தை’ என்றே எழுதியிருக்கும். பெயர் சூட்டும் முன்பே தங்களிடம் வந்துபோன அப்பிள்ளைகள் இன்று பெயரோடு ஓடியாடுகிறார்கள். அவர்களுக்குத் தங்களைத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்!

பெருமிதத்துடன்,
பச்சிளம் குழந்தைகள் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்