ஞாயிற்றுக்கிழமை மீன்

தலைமன்னார் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஓலைத்தொடுவாய் மீனவக் கிராமத்துப் பெண்கள் இருவர். மூத்தவர் கைபேசியை நீட்டினார்.

"இது கொம்பியூட்டர் செய்த பொய் வீடியோவடி. காற்றாலை வந்த பிறகு எங்கட கடல் செழிச்சிட்டுதாம். கட்சிக்காரர் பரப்பினது. எங்கட வலை வெறுமையா வாறது அவைக்குத் தெரியாதோ?"

"ஓம் அக்கா. ஞாயிறு காலமை எடுத்ததெண்டு வேற போட்டிருக்கு."

"அதுதானே! மாதா கோயில் பூசை நேரத்தில எங்கட ஊரில ஆர் கடலுக்குப் போறது?"

முந்தைய நாள் அதைப் பார்த்து நம்பியவன் நான்.

"பொய்யெண்டு தெரிஞ்சும் ஏனடி கோயில் குறூப்புக்கு அனுப்பினனீ?"

இளையவர் யன்னலுக்கு வெளியே சுழலும் காற்றாலைகளைப் பார்த்தபடி இருந்தார்.

"அதில வலை நிறைய மீன் கிடந்தது அக்கா. எங்கட ஆக்களெல்லாம் சிரிச்சுக்கொண்டு நிண்டவை."