வெளிச்சத்தில் தூக்கிய கோப்பை

கண்ணாடிக் கோப்பையை வெந்நீரில் கழுவினால் மட்டும் போதாது. ஈரம் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளையாகத் திட்டு தங்கிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். விசாரணை என்று உட்கார்ந்ததும் நீங்கள்தான் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள்.

எங்கள் வரலாற்றுத் துறையில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் வீட்டில் கூடுவோம். அவர் ஒயின் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். விளையாட்டு என்றுதான் பெயர். ஆனால் யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு வெளிநாட்டுக் கருத்தரங்கு என்பதெல்லாம் அந்தச் சோபாவில்தான் முடிவாகும். அங்கே வாய் குழறினவர்கள் பிறகு எழுந்ததில்லை.

நான் குழறியதில்லை. கோப்பை கைக்கு வந்ததும் விளக்குக்கு நேரே தூக்கி, மெல்லத் திருப்பிப் பார்ப்பேன். அந்த நேரத்தில் அறையே வாயை மூடிக்கொள்ளும். பிறகு புத்தகத்தில் மனப்பாடம் செய்ததில் இரண்டு வார்த்தை எடுத்துவிடுவேன். 'துறையின் நாக்கு' என்று எனக்குப் பெயரே வைத்திருந்தார்கள். அம்மா ஹோட்டல் துறையில் இருந்தார் என்று ஒருமுறை சொன்னேன். அவர்களாகவே ஒரு ஹோட்டலைக் கட்டி அம்மா பேரில் எழுதிவைத்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை. அம்மா இருபத்திரண்டு வருடம் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் கோப்பை கழுவினார்.

பதினெட்டு வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் அந்தப் பெண் விரிவுரையாளராக வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி, மாணவர்கள் அவள் வகுப்புக்கு ஓடுவார்கள். வேலை நிரந்தரமாக இரண்டு மாதம் இருந்தபோது முதல்முறையாக வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போனதும் என் பக்கத்தில் வந்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சார், நீங்க நிறம் பாக்கல, கறை பாக்குறீங்க. எங்கம்மாவும் கேன்டீன்ல டம்ளர் கழுவினவங்கதான். இப்படியேதான் தூக்கிப் பாப்பாங்க."

பாம்பின் கால் பாம்பறியும். அவள் கேலி செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி அவள் முகம் மலர்ந்திருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். சொல்ல மாட்டேன் என்பவள் கையில் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள்.

அந்த வீட்டில் கோப்பைகளை நான்தான் கழுவி வைப்பேன். விலை உயர்ந்த கண்ணாடியை வேலையாள் கையில் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். அதையும் ரசனை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அன்று கழுவி முடித்து, பாதி மிச்சம் இருந்த ஒயின் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை காலை துறை உதவியாளர் கதவைத் திறந்துவிட்டதும், மற்றவர்கள் வருமுன் அவள் மேசை இழுப்பறையில் வைத்தேன். உள்ளே இருந்த விடைத்தாள்களின் மேல் கொஞ்சம் ஊற்றினேன். பாட்டிலில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

வாடை பரவியதும் துறைத்தலைவர் வந்து இழுப்பறையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மலிவான சரக்கு என்றார். மூன்று நாள் முன்பு அதே பாட்டிலில் காட்டுப்பழ வாசனை கண்டுபிடித்தவர் அவர். அவர் குடித்தால் ரசனை, அவள் இழுப்பறையில் இருந்தால் குடி. மூத்த பேராசிரியர் ஒருவர், எந்த மாதிரிக் குடும்பத்திலிருந்து வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டுமே என்றார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. நான் ஒன்றுமே சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால், அவளை நம்பாமல் போனது அவர்கள்தான்.

அன்று மதியம் என் அறைக்கு வந்தாள். அழவில்லை, என்ன செய்வது என்று கேட்டாள். மறுத்தால் மேலிடம் வரை போகும், ஒரே ஒருமுறை தவறிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் மன்னித்துவிடுவார்கள் என்றேன்.

"குடிக்கவே இல்லையே சார். எப்படி எழுதுறது?"

"நான் சொல்றேன், நீ எழுதும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். அங்க நம்ம பக்கத்து ஆள் நீங்க ஒருத்தர்தான்."

நான் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து. அந்தக் கடிதத்தை வைத்துத்தான் அன்று மாலையே அவளை வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் அவளைச் சேர்க்கவில்லை. மகளுக்கு வேலை கிடைத்ததும் கேன்டீனை விட்டு வந்திருந்த அவள் அம்மா, அறுபத்து மூன்று வயதில் மறுபடியும் டம்ளர் கழுவப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தெரிந்த வேலைதான், சமாளித்துக்கொள்வார்.

அந்தத் திங்கட்கிழமை காலை கதவைத் திறந்துவிட்ட உதவியாளர் ஓய்வு பெற்றதும் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பாட்டிலை வைத்தது நான்தான், கடிதத்தைச் சொல்லி எழுதவைத்ததும் நான்தான். ஆனால் பயத்தினாலோ வெட்கத்தினாலோ செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எல்லாம் துறையின் தரத்துக்காகத்தான். அம்மாவை நினைத்து நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

தொண்டை வறள்கிறது, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? டம்ளரை வெளிச்சத்தில் தூக்கினால் என்ன, தண்ணீரின் நிறத்தைத்தான் பார்க்கிறேன்.