காற்றுச் சேதி

ஓர் அலுவலகத்தைக் கலைக்கும் முன், அதனால் பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. கலைத்துவிட்டுக் கேட்பது வழக்கம்.

ஜெகதாப்பட்டினத்தில் ஏறிய நாட்டுப்படகு மீனவர்கள் இருவர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள்.

"ஒலக வானிலை ஆபீஸையே மாத்தி அமைக்கிறாங்க மாமா. நம்ம சங்கத்துக்கிட்டயும் கருத்து கேட்டாங்க," என்றார் இளையவர்.

"யாரு, காலையில ரேடியோவுல காத்துச் சேதி சொல்லுவாங்களே, அவங்களா? வெள்ளிக்கிழமையிலேருந்து ஊமையால்ல கெடக்கு."

"அவங்கதான். நம்ம மாதிரி நாட்டுல இருக்க ஆபீஸை மூடிட்டு, எல்லாத்தையும் பணக்கார நாட்டுல ஒண்ணா வைக்கிறாங்களாம்."

"அங்கிட்டு இருக்கவனுக்கு நம்ம கடல் காத்து எப்படித் தெரியும்? மத்த ஏழை நாடெல்லாம் சும்மாவா இருக்கு?"

"கத்துறாங்களாம். நெறையப் பணம் குடுக்குற நாடு சொல்றதுதான் எடுபடுதாம்."

"விசைப்படகுக்காரன மட்டும் கூப்பிட்டு, நாம கடலுக்குப் போற நாளை முடிவு பண்ணுன கதையால்ல இருக்கு! இங்க அவனுக்கு ஒரு நாள், நமக்கு ஒரு நாள்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசித்தானே வச்சோம்? அதை எழுதுனியா மாப்ள?"

"எழுதுனேன் மாமா. ஒங்க மகன் அந்தச் சேதியைக் கேட்டுட்டுத்தான் தெனமும் படகை எறக்குறான், நிறுத்திடாதீங்கன்னும் எழுதுனேன்."

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேகத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு வானத்தப் பாத்துட்டுப் போயிருக்கான். பதில் வந்துச்சா?"

"வந்துச்சு. ஒங்க கருத்தைக் கவனிச்சு முடிவெடுப்போம்னு."

"என்னைக்கு வந்துச்சு?"

"சனிக்கிழமை."