விற்பனைக்கு அல்ல

பொந்தியான் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் ஓவியரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஜொகூர் பாரு பொருட்காட்சியில் படக்கடை போட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

“நல்ல வேளைங்க, ஒரு படம்கூட விக்கல,” என்றாள் அவள்.

“கடை வாடகை பத்து வெள்ளி போச்சு. இதுல என்ன நல்ல வேள?”

“வித்திருந்தா கால் பங்கு பொருட்காட்சிக் கமிட்டிக்குப் போயிருக்கும்லா. வாடகையும் வாங்கிக்கிட்டு பங்குமா? அதான் எல்லாப் படத்துலயும் ‘விற்பனைக்கு அல்ல’ன்னு ஒட்டினேன்.”

“அலமாக், ஒட்டினது நீயா? கமிட்டிக்காரன் வேலைன்னு ரெண்டு நாளா அவனத் திட்டிக்கிட்டிருந்தேன்!”

போன வருஷம் அங்கே கடை போட்டபோது கமிட்டியின் விதிகளை நானும் படித்திருக்கிறேன். திடலுக்குள் விற்றால்தான் பங்கு. அதற்கு ரசீது மூன்று பிரதிகள். வெளியே நடப்பதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

“கேட்டவங்ககிட்ட, வீட்டுக்கு வாங்க, உங்க அப்பாவையே வரஞ்சு தர்றோம்னு சொல்லியிருக்கேன்,” என்றாள் மனைவி.

“நம்ம ஊரு பெக்கான் நானாஸ் வரைக்கும் எவன் வருவான்?”

அவள் மடியிலிருந்த துணிப்பையைத் தட்டினாள்.

“வருவாங்க. செத்துப்போன அப்பா போட்டோவ ஆறு பேரு எங்கிட்டக் குடுத்திருக்காங்க. அவங்க வீட்டுல வேற போட்டோ கெடையாதாம்.”