விரிசல் செய்தி வந்த நாள்

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் செய்தி அறைகள் மிகவும் சுத்தமானவை. மேசைகளில் காய்ந்த தேநீர்க் கறை இருக்காது. யாரும் மூக்கைச் சிந்த மாட்டார்கள். நான் எழுதிய தொடரிலும் அப்படித்தான். அதை உண்மை என்று நம்பிவிட்ட ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

முன்பு நான் ஒரு நாளிதழின் செய்தி ஆசிரியர். ஒரு மாலை எங்கள் நிருபர், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படங்களைக் கொண்டுவந்தார். தரைத்தளத் தூண்களில் கை நுழையும் அளவுக்கு விரிசல். குற்றம் சாட்டப்படுபவரின் விளக்கமின்றி எந்தச் செய்தியும் அச்சேறாது என்பது எங்கள் அலுவலக விதி.

"பில்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ கிளம்பு" என்றேன்.

பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், மறக்கவில்லை. அவர் முன்கோபி, தொலைபேசியில் கத்துவார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று செய்தியை ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் ஒரு நடிகையின் சருமப் பராமரிப்புக் குறிப்புகளைப் போட்டேன். காலையில் கட்டடம் இல்லை.

வேலையை விட்ட பிறகு தொடர் எழுதினேன். அதில் வரும் ஆசிரியர், கட்டடம் கட்டியவரின் வீட்டுக்கே போய்க் கேள்வி கேட்கிறார்; ஓடும் அச்சு இயந்திரத்தை நிறுத்தி, முதல் பக்கத்தில் விரிசலைப் போடுகிறார். ஆனால் குடியிருந்தவர்கள் வெளியேறவில்லை, கட்டடம் விழுகிறது. சாவுகளை மாற்ற முடியாது, அவை ஊரறிந்தவை. மாற்றக்கூடியவனாக இருந்தவன் நான் மட்டுமே. தொடக்கத்தில் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று போட்டோம்.

நிருபர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, டிவியில நீங்க எவ்ளோ நல்லவரு! நேர்ல பார்க்கத்தான் எங்களுக்குக் கொடுத்து வைக்கல." அதன் பின் அவர் அழைக்கவில்லை.

ஒருநாள் படப்பிடிப்புத் தளத்துக்கு ஒரு செவிலியர் வந்தார். கணவரையும் மகளையும் அந்தக் கட்டடத்தில் இழந்தவர். கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"சார், உங்க பேப்பர்தான் எங்க வீட்டுக்கு வரும். அன்னிக்கு எனக்குக் காலை டூட்டி. வாசல்ல கிடந்துச்சு, தாண்டிப் போயிட்டேன். குனிஞ்சு எடுத்திருந்தா ரெண்டு பேரும் இருந்திருப்பாங்கல்ல?"

மேசையில் கிடந்த வசனத் தாள்களை அடுக்கி வைத்தேன்.

"நிஜமாவே முதல் பக்கத்துலயா வந்துச்சு?"

'இல்லை' என்ற ஒரு சொல் அவரை விடுவித்திருக்கும். பக்கத்து மேசையில் இயக்குநர் இருந்தார்.

"ஆமாம்மா" என்றேன். "பெருசாவே போட்டிருந்தோம்."

அவர் தலையாட்டினார். "நீ எதையுமே கவனிக்க மாட்டேம்மான்னு பாப்பா திட்டிக்கிட்டே இருப்பா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தொடரின் இரண்டாம் பாகத்தில், நாளிதழைத் தாண்டிச் செல்லும் ஒரு செவிலியர் வருகிறார். வசனம் பெரும்பாலும் அவருடையதே. நிறையப் பாராட்டு வந்தது. அது ஒளிபரப்பான பிறகு அவர் வேலைக்குப் போவதில்லை என்றும், அக்கம்பக்கத்தார் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

செய்தியை நிறுத்தியவன் நான். பழியை அவர் தலையில் போட்டவனும் நான். கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கக்கூட வெட்கமாக இருக்கிறது. இதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். இருந்தாலும், எதையும் நியாயமாக எடைபோட வேண்டும் அல்லவா? நான் வெளியிட்டே இருந்தாலும் அவர் படித்திருக்க மாட்டார். அதை அவரே என்னிடம் சொன்னார்.