ஐஸ் பொட்டியில் ஒரு கேமிங் போன்

ஃப்ரெடி: டப்பா மேல இன்னா போட்டுக்கீது, நீயே படிக்கா.

மலிகா: 'கேமிங் போன்'.

ஃப்ரெடி: வித்தது யாரு?

மலிகா: நான்தான். அதுக்கு இன்னா இப்போ?

ஃப்ரெடி: கேம்ல ஒர்த்தன் சுட வரான். நான் திரும்புறேன். போன் திரும்ப மாட்டேங்குது. அப்டியே நிக்குது. மறுபடி ஓடும்போது நான் செத்து, அவன் என் பையில தோட்டா பொறுக்கிகினு கீறான்.

மலிகா: கிராபிக்ஸ கொறச்சு வெச்சியா?

ஃப்ரெடி: கொறச்சு கொறச்சு மரத்துல எலயே இல்ல. ஆளுக்கு மூஞ்சி இல்ல. யாரு நம்மாளு, யாரு எதிராளுன்னு செத்தப்புறம்தான் தெரியுது.

மலிகா: சூடு?

ஃப்ரெடி: கை வெக்க முடியல. 'கொஞ்சம் ஆறவுடு'ன்னு அதுவே எழுதிக் காட்டும். நேத்துலேருந்து அதுவும் இல்ல. ஒரேடியா ஆறிடுச்சு.

மலிகா: குடு, பாக்கலாம்... தம்பி, இது இன்னா மீன் வாசன?

ஃப்ரெடி: காசிமேட்டுல எங்க வூட்டு காலண்டர்கூட அப்டித்தான் வாசன அடிக்கும்.

மலிகா: சிம் போடற எடத்துல செதிலு கீதே. காலண்டர்லயும் கீதா?

ஃப்ரெடி: மீன் வெக்கிற ஐஸ் பொட்டியில வெச்சு வெளாண்டேன். கவர் போட்டுத்தான். அன்னிக்கு ஒரு நாள்தான்க்கா அது கேமிங் போனாட்டம் ஓடுச்சு.

மலிகா: உள்ள தண்ணி பூந்துகீது. வாரண்டி கெடையாது.

ஃப்ரெடி: இது எந்த ஊரு நாயம்? காசுள்ளவன் போனுக்கு கம்பெனியே உள்ள கூலிங் வெச்சுக் குடுக்குது. எனுக்கு வெக்கல, நானா வெச்சேன். அது தப்பா? 'ஐஸ் தனியா வாங்கிக்கணும்'னு டப்பாவுல போட வேண்டியதுதானே?

மலிகா: கத்தாத. கடையில ஆளு கீது.

ஃப்ரெடி: சாயங்காலம் பைனலு. நான் போவலன்னா எங்காளுங்க மூணு பேரா நிக்கணும். ஏற்கெனவே என்ன 'போட்டோ'ன்னு கூப்புடுறானுங்க, நின்ன எடத்துலயே நிக்கிறேனாம். இன்னிக்கும் கவுத்துட்டா டீம்ல எனுக்கு எடமே இல்ல. மாத்திக் குடுக்கா.

மலிகா: எதுத்து யாரு?

ஃப்ரெடி: வண்ணாரப்பேட்ட பொண்ணுங்க. அதுல ஒர்த்தி, மாடியிலேருந்து ஒரே போடு. குறி தப்பாது. பெரிய வூட்டுப் பொண்ணா இருப்பா, போன் அப்டி.

மலிகா: பெரிய வூட்டுப் பொண்ணா? ஹா ஹா!

ஃப்ரெடி: இன்னாக்கா சிரிக்கிற? என் பேஜாரு உனுக்கு சிரிப்பா கீதா?

மலிகா: பயப்படாத. அவங்களும் மூணு பேருதான். மாடியில நிக்கறவ இன்னிக்கு வரமாட்டா... இதே டப்பாவ நம்பி இதே போன நானும் வாங்கினேன், தம்பி. நான் வெச்சது வூட்டு பிரிட்ஜ்ல.