கூப்பிட்டேன், அவர் திரும்பலை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். டேய், அந்த டார்ச்சை அணை. பேயை விட உன் மூஞ்சிதான் பயமாக இருக்கிறது.

இது என்னோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியனின் அண்ணிக்கு நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ... இது மதியம் இரண்டு மணி. கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சாலை. ஈ, காக்கை இல்லை. ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, கீழே கிடந்த மூக்குக் கண்ணாடி டப்பாவை எடுத்தார். முன்னால் ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். டிரைவர் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

டப்பாவில் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. அண்ணியின் நம்பர்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. போர்வைகளில் வார்டு எண் எழுதுவார். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத மை. அவர் கணவரோ மகா மறதிக்காரர். தலை கழுத்தோடு ஒட்டியிருந்ததால் தப்பித்தது, இல்லாவிட்டால் அதையும் பஸ்ஸிலேயே விட்டிருப்பார். அதனால் கணவரின் சாமான் எல்லாவற்றிலும் அண்ணி தன் நம்பரை அந்த மையால் எழுதி வைத்திருந்தார்.

அந்த மனுஷன் மாரடைப்பில் போய்விட்டார். சட்டைப் பையில் கண்ணாடி டப்பா, கையில் வாட்ச், காலில் ஷூ... அப்படியே புதைத்தார்கள். அண்ணி ஒரு சொட்டு அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடக்கிறது என்று அவரே சொன்னாராம். அண்ணி இப்படியே இருந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எலக்ட்ரீஷியனுக்குப் பயம்.

லாரி டிரைவர் அந்த நம்பருக்குப் போன் போட்டு, வீடு தேடி வந்து டப்பாவைக் கொடுத்தார். "கண்ணாடி இல்லாம அவர் எப்படிம்மா நடப்பாரு? அதான் உடனே வந்தேன்." டீ கூட வேண்டாம் என்றார். அண்ணி அதை வாங்கி அலமாரியில் வைத்தார். ஈர மண் வாசனை அடித்தது. மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

அடுத்தது வாட்ச். கல்லறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் பாலத்தில் கிடந்ததாம். ஒரு டீச்சர் கொண்டுவந்தார். "பின்னாலயே ஓடினேங்க. திரும்பவே இல்ல."

அன்று மாலை எலக்ட்ரீஷியன் அலமாரியைப் பார்த்துவிட்டார்.

"அண்ணி... இந்த வாட்ச்சை நான்தானே அண்ணன் கையில கட்டிவிட்டேன்?"

"ஆமா தம்பி. அவர் எங்க போனாலும் எதையாவது விட்டுட்டுத்தானே வருவார்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க அண்ணி. பிள்ளைங்க இருக்காங்க, கலகலன்னு இருக்கும்."

"நான் வந்துட்டா, சாமானைக் கொண்டு வர்றவங்க யார்கிட்ட குடுப்பாங்க?"

அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியோடு வந்துவிட்டார். அண்ணி பெட்டி எடுக்க உள்ளறைக்குப் போனார். இனி யாரும் எதையும் கொண்டுவர வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் வாசல் கதவுக்கு உள்தாழ் போட்டார்.

டொக்... டொக்.

திறந்தார். ஒரு கையில் காய்கறிப் பையோடு யாரோ ஒரு பெண். முகமெல்லாம் சிரிப்பு. இன்னொரு கையில் ஒற்றை ஷூ.

"இப்ப உள்ள போனாரே, அவரோடதுங்க. படியிலயே கழண்டுடுச்சு. பாவம், என்ன அவசரமோ, கவனிக்கல."

கொடுத்துவிட்டு அந்தப் புண்ணியவதி தன் வழியே போய்விட்டார்.

உள்ளறையில் அண்ணி அழ ஆரம்பித்தார். வாய்விட்டு... சின்னப் பிள்ளை மாதிரி. கணவர் போன பிறகு அதுதான் முதல் அழுகை. நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ம்... ம்..." என்று யாருக்கோ பதிலும் சொன்னார்.

எலக்ட்ரீஷியன் கையில் அந்த ஷூ. உள்ளே விரல் பட்டது... வெதுவெதுப்பாக இருந்தது.